வத்தல்மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன ஜீப்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை. வத்தல்மலையிலிருந்து தருமபுரிக்கு இறங்கிக்கொண்டிருந்த வாடகை ஜீப் ஒன்று பாதி மலையில் பிரேக் பிடிக்காமல் போய், மலைப்பக்க வாய்க்காலில் இறக்கி நிறுத்தப்பட்டது. ஓட்டுநரோடு சேர்த்து உள்ளே ஒன்பது பேர். ஒருவருக்குத் தோள்பட்டையில் ஊமைக்காயம். ஒரு பெண்ணுக்கு நெற்றியில் மூன்று தையல். மறுநாள் காலை வண்டியில் ஏறி பெடலை மிதித்துப் பார்த்த உரிமையாளர், "பிரேக் நல்லாத்தானே பிடிக்குது" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்த நேரத்தில் பிரேக் பிடித்தது.

மலை இறக்கத்தில் நடக்கும் பிரேக் கோளாறுகள் பல இப்படித்தான் மறைந்துபோகின்றன. சூட்டில் நடந்ததற்குச் சூடு ஆறியதும் சாட்சி இருப்பதில்லை. அதனால்தான் இந்தப் பயணத்தைக் காலை முதல் வரிசையாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாதையும் வண்டியும்

தருமபுரி நகரிலிருந்து வத்தல்மலை ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அடிவாரம் வரை சமதளம். அங்கிருந்து இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். மேலே பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு என்று சிற்றூர்கள். காபி, மிளகு, கேழ்வரகு, சாமை. சாலை தார் போட்டதுதான். ஆனால் எதிரில் பேருந்தோ லாரியோ வந்தால் ஒரு வண்டி ஒதுங்கித்தான் ஆகவேண்டும். மழைக்குப் பிறகு வளைவுகளின் உள்விளிம்பில் மண்ணும் சரளையும் சேர்ந்து கிடக்கும். பனிக்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே மூடுபனி இறங்கும் நாட்கள் உண்டு.

வண்டி பழைய மஹிந்திரா டீசல் ஜீப். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்: சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிரம்மின் உள்பக்கத்தை லைனிங் என்ற உராய்வுப் பட்டைகள் அழுத்திப் பிடிக்கும். முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருவர், பின்னால் எதிரெதிர் பெஞ்சுகளில் ஆறு பேர். வெற்று எடை 1,600 கிலோ அளவில். ஆட்கள் ஒன்பது பேருக்கு 560 கிலோ. பாத்திரம், தண்ணீர் கேன், பைகள் எல்லாம் 40 கிலோ. இறங்கும்போது மேலே வாங்கிய ஒரு மூட்டை கேழ்வரகு 50 கிலோ, கூரை கேரியரில் ஏற்றியது. ஆக மொத்தம் 2,250 கிலோ. மூட்டையின் எடையைவிட அது இருந்த இடம் கவனிக்க வேண்டியது. ஆளுயரத்துக்கு மேலே 50 கிலோ இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி வெளிப்பக்கம் கூடுதலாகச் சாயும். சாய்வைக் கண்டு பயந்த ஓட்டுநர் வளைவுக்கு முன்பும், வளைவுக்கு உள்ளேயும், வளைவு முடிந்த பிறகும் பிரேக்கில் காலை வைப்பார். இங்கே நடந்ததும் அதுதான்.

ஏறிய விதம்

ஏற்றத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேர்ச்சாலையில் இரண்டாம் கியர், வளைவுகளில் முதல் கியர், ஐம்பது நிமிடம். பாதிக்கு மேல் போனபோது வெப்பமானி முள் முக்கால் அளவைத் தொட்டது. வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டார். ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவில்லை. இது சரியான வழக்கம். சூடான எஞ்சினைச் சட்டென்று அணைத்தால் தண்ணீர் சுற்றுவது நின்று, சிலிண்டர் ஹெட்டைச் சுற்றியுள்ள சூடு அங்கேயே தேங்கும். மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ஏற்றத்தில் தவறு செய்தால் வண்டி உடனே சொல்லிவிடும்: மூச்சு வாங்கும், எஞ்சின் நின்றுபோகும். இறக்கம் அப்படிச் சொல்லாது. பத்து வளைவு வரை எல்லாத் தவறையும் வாங்கிக்கொண்டு, பதினோராவதில் மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கும். நன்றாக ஏற்றத் தெரிந்த ஓட்டுநர் இறக்கத்தில் மாட்டிக்கொள்வதற்கு இதுவே காரணம்.

இறங்கிய விதம்

மேலிருந்து கிளம்பியது மாலை 4.50. திட்டமிட்டிருந்தது 3.30. மூட்டை வாங்கப் போன இடத்தில் நேரம் போயிற்று. இருட்டுவதற்குள் அடிவாரம் சேர வேண்டும் என்று ஓட்டுநர் மூன்றாம் கியரில் இறங்கினார். நேரான இடங்களில் வேகம் 30 முதல் 35. கால் ஏறக்குறைய முழு நேரமும் பிரேக் பெடலில், லேசான அழுத்தத்தில்.

மேலிருந்து ஐந்தாவது வளைவு தாண்டியதும் பின்பெஞ்சில் இருந்த இளைஞர் கேட்டார்: "அண்ணா, ஏதோ கருகற வாசனை வருதுண்ணா."

"கிளட்ச் வாசனை தம்பி. மலை வண்டியில வர்றதுதான். ஒண்ணும் இல்ல."

இந்த நிகழ்வின் திருப்பம் இந்தப் பதிலில்தான் இருக்கிறது. கிளட்ச் கருகும் வாசனை ஏற்றத்தில் வரலாம். அரைக் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் வரும். இறக்கத்தில் கிளட்ச்சுக்கு வேலையே கிடையாது. இறக்கத்தில் கருகும் வாசனை வந்தால் அது பிரேக் லைனிங்தான். அப்போதே நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டிருந்தால் இந்த ஆய்வுக்கு அவசியமே வந்திருக்காது.

எட்டாவது வளைவில் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. ஓட்டுநர் இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்து மேலே கொண்டுவந்தார். பத்தாவதில் பெடல் கல்லு மாதிரி நின்றது; ஆனால் வண்டி குறையவில்லை. அதற்கு அடுத்த இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, பலகை வரை போனது. அந்த நொடியில் ஓட்டுநர் கிளட்ச்சை மிதித்து மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தார். வேகம் அதிகமாக இருந்ததால் கியர் விழவில்லை, கறகறவென்று தள்ளியது. வண்டி நியூட்ரலில் ஓடியது. எஞ்சின் கொடுத்துக்கொண்டிருந்த கொஞ்சப் பிடியும் போய், வேகம் கூடியது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அந்த வண்டியில் அது இழுப்பதும் ஏற்கெனவே வெந்துபோன அதே பின்சக்கர டிரம்களைத்தான். பயன் கொஞ்சம்தான். பிறகு அவர் செய்ததுதான் ஒன்பது உயிரைக் காப்பாற்றியது. பள்ளத்துப் பக்கத்தை விட்டு விலகி, மலைப்பக்க வாய்க்காலுக்குள் முன்சக்கரத்தை இறக்கி, மண் சரிவில் வண்டியின் பக்கவாட்டை உரசவிட்டார். பதினைந்து மீட்டர் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. எதிரெதிர் பெஞ்சில் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்தவர்கள் அனைவரும் முன்பக்கம் சறுக்கினார்கள். நெற்றிக் காயம், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள இரும்புக் கம்பியில் மோதியதால் வந்தது.

டிரம்முக்குள் என்ன நடந்தது

கணக்கு எளிதுதான். 2,250 கிலோ வண்டி 600 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் 132 லட்சம் ஜூல். சாதாரண சூட்டில் இருக்கும் 43 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். இரண்டு பெரிய குடம் தண்ணீர் கொதிக்கும் சூடு எங்காவது போயாக வேண்டும். டயர் உருள்வதும் காற்றும் ஒரு பகுதியைத் தின்னும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் டிரம் வாங்க வேண்டும். நான்கு டிரம்மும் சேர்ந்து 40 கிலோ இரும்பு என்று தாராளமாக வைத்தாலும், முழுச் சூட்டையும் அவற்றின் தலையில் கட்டி ஆறவும் விடாமல் இருந்தால் 650 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உண்மையில் காற்று ஆற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவு ஏறாது. ஆனால் லைனிங் தாங்குவது அதில் பாதிதான்.

பெடல் காலுக்குச் சொன்ன மூன்று செய்திகளும் மூன்று வேறு கோளாறுகள். இவற்றைப் பிரித்து அறியத் தெரிவது மலை ஓட்டுநருக்கு லைசென்ஸைவிட முக்கியம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

முதலில் பெடல் ஆழமாகப் போனது டிரம் விரிந்ததால். இரும்பு சூட்டில் விரியும். உள்ளிருந்து வெளிப்பக்கம் தள்ளும் லைனிங்குக்கு டிரம் எட்டிப்போகும். பம்ப் அடித்தால், அதாவது அடுத்தடுத்து வேகமாக மிதித்தால், பெடல் மேலே வருவது இதன் அடையாளம். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை கிடையாது. டிஸ்க் விரிந்தால், அதை இருபுறமும் பிடிக்கும் பேடுகளை நோக்கித்தான் வரும்.

இரண்டாவது, பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி குறையாமல் போனது. இது லைனிங்கின் கோளாறு. லைனிங்கைப் பிணைத்திருக்கும் பிசின் அளவுக்கு மீறிய சூட்டில் சிதைந்து, வாயு விட்டு, மேற்பரப்பு வழுக்கும். ஓட்டுநர் எவ்வளவு பலமாக மிதித்தாலும் உராய்வு கிடைக்காது. பம்ப் அடித்தும் பயனில்லை.

மூன்றாவது, பெடல் பஞ்சாகிப் பலகை வரை போனது. இது பிரேக் ஆயில் கொதித்ததால். ஆயில் திரவமாக இருக்கும்வரை சுருங்காது, அழுத்தத்தை அப்படியே கடத்தும். கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டால் கால் அழுத்துவது குமிழியைத்தான். புதிய டாட் 3 ரக பிரேக் ஆயில் குறைந்தபட்சம் 205 டிகிரி வரை கொதிக்காது. டாட் 4 என்றால் 230. ஆனால் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய டாட் 3 ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம், டாட் 4 என்றால் 155. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காக. பாதி தீர்ந்த டப்பாவை மூடாமல் பட்டறை அலமாரியில் வைத்து, அடுத்த மாதம் அதையே ஊற்றுவது பழைய ஆயிலை ஊற்றுவதற்குச் சமம்.

குமிழி ஆறினால் மறுபடி திரவம். டிரம் ஆறினால் பழைய அளவு. மறுநாள் காலை பெடல் நன்றாக இருந்ததன் கதை இதுதான்.

பட்டறையில் கண்டது

நான்கு சக்கரத்தையும் கழற்றியபோது பின் டிரம் இரண்டிலும் உள்பக்கம் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தன. சுத்தியலில் தட்டிய பழைய பித்தளைப் பாத்திரம் மாதிரி ஆங்காங்கே நிறம் மாறியிருந்தது. லைனிங் மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்தது. நகத்தால் கீறினால் கீறல் விழவில்லை. இடது பின்சக்கரத்தில் லைனிங் ரிவெட் தலைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதே சக்கரத்தில், ஆயில் அழுத்தத்தால் லைனிங்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரை விரலால் விலக்கியதும் ஆயில் கசிந்து தூசியோடு குழம்பாகச் சேர்ந்திருந்தது. பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் இருந்த ஆயில் டிகாஷன் நிறம். கடைசியாக மாற்றி மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

முன்சக்கர லைனிங்கோ கிட்டத்தட்டப் புதிது மாதிரி இருந்தது. லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் திருகாமல் விட்டதால் முன்பிரேக் சரியாகப் பிடிக்கவே இல்லை. இறக்கத்தில் எடை முன்பக்கம் சாயும், அதிக வேலை முன்பிரேக்குக்குத்தான் வர வேண்டும். இங்கே பின்பிரேக் ஒண்டியாகச் சுமந்து வெந்திருக்கிறது. பதினைந்து நிமிட அட்ஜஸ்ட்மெண்ட் வேலை, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

இருந்தாலும் பழுதை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவது சரியாகாது. இதே பிரேக்கோடு இரண்டாம் கியரில் இறங்கியிருந்தால் வண்டி அடிவாரம் சேர்ந்திருக்கும். புத்தம் புதிய பிரேக்கோடு மூன்றாம் கியரில் பெடலைத் தேய்த்துக்கொண்டே இறங்கியிருந்தாலும் லைனிங் கருகும் வாசனை வந்தே இருக்கும்.

எஞ்சினைப் பிடித்து இறங்குவது

டீசல் எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. பெட்ரோல் எஞ்சின் போலக் காற்றுவழியை அடைக்கும் தட்டு பழைய டீசலில் இல்லை. அதனால் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் கிடைக்கும் பிடி குறைவு. அந்தக் குறையைக் கியர்தான் ஈடுகட்ட வேண்டும். இந்த ரக ஜீப்புக்கு மலை இறக்கத்தில் இரண்டாம் கியர், 15 முதல் 20 கிலோமீட்டர் வேகம். கூர்மையான வளைவில் முதல் கியர். வளைவுகளுக்கு நடுவில், நேரான இடத்தில் பிரேக் தேவைப்படுகிறது என்றால் இன்னும் ஒரு கியர் கீழே இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

கியரை இறக்கத்தின் தலைப்பிலேயே, வண்டி நிற்கும்போதே போட வேண்டும். வேகம் பிடித்த பிறகு இறக்க முயன்றால் நியூட்ரலில் மாட்டும். அப்படியே மாட்டிக்கொண்டால் கிளட்ச்சை விட்டு, எஞ்சினை ஒருமுறை நன்றாக உறுமவிட்டு, மறுபடி கிளட்ச் மிதித்து, விட்டுப்போன மூன்றாம் கியரையே முதலில் பிடிக்க வேண்டும். பிறகுதான் இரண்டு. நேரே கீழ் கியருக்கு இழுப்பது பதற்றத்தில் எல்லாரும் செய்யும் தவறு.

பிரேக்கை மிதிக்கும் விதமும் உண்டு. 25க்கு வேகம் ஏறினால் அழுத்தமாக மிதித்து 15க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். காலை எடுத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் டிரம் மூச்சு விடும். லேசாகத் தேய்த்துக்கொண்டே வந்தால் அதற்கு ஆறும் இடைவெளியே கிடைக்காது.

நான்கு சக்கர ஓட்டத்தைத் தார்ச்சாலை வளைவுகளில் போடச் சொல்லும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். இந்த ரக ஜீப்பில் முன், பின் ஆக்ஸில்கள் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவே இல்லை. காய்ந்த தாரில் கொண்டை ஊசி திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் போக வேண்டும்; வழியில்லாமல் டயர் தேய்ந்து, ஷாஃப்ட் முறுக்கேறும், ஸ்டீயரிங் கனக்கும். அது சேற்றுக்கும் சரளைக்கும் உரியது.

நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை நம் மாவட்டத்தில் ஆழமாக வேரோடியிருக்கிறது. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும் சரக்கு லாரிகள் பல மோதியதும் கவிழ்ந்ததும் இதே நம்பிக்கையால்தான். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் சக்கரமே எஞ்சினைச் சுழற்றும், பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் தானாக ஓடவே டீசல் குடிக்கும். எஞ்சினையே அணைத்து இறக்குவது இன்னும் மோசம். ஜீப்பில் பிரேக் பூஸ்டர் இருந்தால் அதற்கு வேண்டிய வெற்றிடம் இரண்டு மூன்று மிதிப்பில் தீர்ந்துவிடும். லாரியில் ஏர் டேங்க் நிரம்பாது.

நின்ற பிறகு நடந்தவை

வண்டி நின்றதும் இரண்டு பேர் கேனில் இருந்த தண்ணீரை டிரம் மேல் ஊற்றினார்கள். புகை அடங்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் வார்ப்பிரும்பு அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் வெடிப்பு விடும். வலது பின் டிரம்மில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தது, டிரம்மையே மாற்ற வேண்டியதாயிற்று. சூடான நேரத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கட்டி வைப்பதும் கூடாது, டிரம் நீள்வட்டமாகும். வண்டியைக் கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னால் தலை அளவு கல் வைத்தால் போதும். இறங்கியவர்கள் பள்ளத்துப் பக்கம் நிற்காமல் மலைப்பக்கம், வண்டிக்கு மேட்டுப் பக்கமாக நிற்க வேண்டும். மேலிருந்து வரும் வண்டிக்குத் தெரிய முந்தைய வளைவில் ஒருவர் துணி ஆட்ட வேண்டும். மலைச்சரிவில் எல்லா இடத்திலும் செல்போன் சிக்னல் இருக்காது. 108க்கு அழைக்க ஒருவர் இரண்டு வளைவு கீழே நடந்தார். சிக்னல் கிடைக்கும் இடங்கள் எவை என்பதை ஏறும்போதே குறித்து வைத்திருக்க வேண்டியது வழிகாட்டியின் வேலை.

ஏறுவதற்கு முன் கேட்க வேண்டியவை

அழைத்துப் போகும் ஜீப் மஞ்சள் போர்டா என்று பாருங்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினால் விபத்தின்போது இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று கைவிரிக்க வழி உண்டு. எஃப்.சி. (வாகனத் தகுதிச் சான்று) தேதியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஓட்டுநரைப் பெடலை அழுத்தி அரை நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ கசிகிறது, அந்த வண்டி வேண்டாம். சக்கரத்தின் உள்பக்கம் ஈரக் கறை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

வாந்தி வரும் என்று தெரிந்தவர்களை முன்னால் பார்த்து உட்காரும் இருக்கையில் ஏற்றுங்கள். பக்கவாட்டுப் பெஞ்சில் பத்து வளைவுகூடத் தாங்கமாட்டார்கள். கூரையில் கனமான மூட்டை வேண்டாம், பெஞ்சுகளுக்கு நடுவே தரையில் கட்டுங்கள். இறங்கும் நேரத்தைக் காலையிலேயே பேசி முடித்துவிடுங்கள்: மாலை நான்குக்குள் மேலிருந்து கிளம்ப வேண்டும். குறுகிய இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் நின்று வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. இறங்கும் நேரத்தைக் கணக்கிடும்போது இந்தக் காத்திருப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் கேட்டால் முகம் சுளிக்கும் ஓட்டுநர்களும் உண்டு. நல்ல மலை ஓட்டுநர் சுளிப்பதில்லை. அவரே பானட்டைத் திறந்து காட்டுவார்.

சரிசெய்த பிறகு

நான்கு சக்கரத்துக்கும் புது லைனிங், பின் டிரம் இரண்டு, வீல் சிலிண்டர் நான்கு, பழைய ஆயிலை முழுதாக வடித்துவிட்டு டாட் 4. ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுத்து, அட்ஜஸ்டரைச் சக்கரம் லேசாக உரசும்வரை திருகி, அங்கிருந்து கொஞ்சம் தளர்த்தியது. புது லைனிங் டிரம்மோடு பதிய, சமதளத்தில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10க்கு இருபது முறை பிரேக் பிடித்து, நடுவே ஆறவிட்டது.

பிறகு எட்டுப் பேரின் எடைக்கு எம்-சாண்ட் மூட்டைகளைத் தரையில் கட்டி அதே மலையில் ஏற்றி இறக்கினார்கள். தலைப்பில் வண்டியை நிறுத்தி இரண்டாம் கியர் போட்டு, அடிவாரம் வரை அதற்கு மேல் போகவில்லை. மூன்றாம் கியரில் இறங்குவதைவிடப் பதினைந்து நிமிடம் கூடுதல். அடிவாரத்தில் நிறுத்தி, புறங்கையைப் பின்சக்கர டிரம்முக்கு நான்கு விரல் தள்ளி வைத்தபோது, தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிய சற்று நேரத்தில் தெரியும் அளவு சூடு. வாசனை இல்லை. பெடல் காலையில் நின்ற அதே உயரத்தில் நின்றது.